பட்டை மணக்கும் ஃப்ரைடு ஆப்பிள்: அமெரிக்கத் தென்மாநிலச் சட்டிப் பக்குவம், முழுமையான வழிகாட்டி

ஃப்ரைடு ஆப்பிள் என்றதும் மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்த பஜ்ஜி போல ஒன்று மனதில் தோன்றும். அது இல்லை. டென்னசி, கென்டக்கி, வர்ஜீனியா, வட கரோலினா, ஜார்ஜியா என்று அமெரிக்காவின் தெற்குப் பக்க மாநிலங்களில் 'ஃப்ரை' என்ற சொல் நம் வதக்கலையும் சேர்த்தே குறிக்கும். கனமான இரும்புச் சட்டியில் கொஞ்சம் கொழுப்பு விட்டு, ஆப்பிள் வில்லைகளைப் பொன்னிறமாக வதக்கி, சர்க்கரையும் பட்டைத்தூளும் சேர்த்து, அவற்றின் சாறே பாகாகச் சுண்டும்வரை விட்டு எடுப்பதுதான் இந்தப் பதார்த்தம். இனிப்பாக இருந்தாலும் அங்கே இதைச் சாப்பாட்டோடு வைப்பார்கள். காலையில் சூடான பிஸ்கட், தொத்திறைச்சி, கிரிட்ஸ் என்ற மக்காச்சோள ரவைக் கஞ்சியோடு வரும். இரவில் பன்றி இறைச்சித் துண்டுக்குப் பக்கத்தில் வரும். (அந்த ஊர் பிஸ்கட் நம் டீக்கடை பிஸ்கட் அல்ல. மோரும் வெண்ணெயும் சேர்த்துச் சுட்ட, அடுக்கடுக்காகப் பிரியும் மெத்தென்ற ரொட்டி.) டென்னசியின் லெபனான் ஊரில் 1969-ல் தொடங்கிய கிராக்கர் பேரல் உணவகங்களின் மெனுவிலும் ஃப்ரைடு ஆப்பிள் உண்டு.

பொருட்கள் கொஞ்சம், நேரம் அரை மணிக்குள். ஆனாலும் வீட்டில் செய்யும்போது பாதிப் பேருக்குக் குழைந்த கூழும், மீதிப் பேருக்குத் தண்ணியான சாற்றில் மிதக்கும் வெளுத்த துண்டுகளும்தான் கிடைக்கின்றன. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ஆப்பிளின் எடையில் ஏறத்தாழ 85 சதவீதம் தண்ணீர். அந்தத் தண்ணீரை எப்போது வெளியே வரவிடுகிறோம், வந்ததை எப்போது சுண்டவிடுகிறோம் என்பதில்தான் மொத்தப் பக்குவமும் இருக்கிறது. இது பிடிபட்டால் அளவு கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் கெடாது.

எந்த ஆப்பிள்?

வெந்த பிறகும் வடிவம் குலையாத ஆப்பிள் வேண்டும், புளிப்பும் கொஞ்சம் இருக்க வேண்டும். பச்சைத் தோலோடு வரும் கிரானி ஸ்மித்தில் இரண்டும் உண்டு. ஆனால் அதை மட்டும் போட்டால் ருசி ஒற்றையாக நிற்கும், புளிப்பை அடக்கச் சர்க்கரையைக் கூட்ட வேண்டியிருக்கும். இன்னொரு குறையும் உண்டு. கெட்டியாக இருப்பது போலவே இருந்து, ஒரு கட்டத்தைத் தாண்டினால் சட்டென்று குழைந்துவிடும். அதனால் 3 கிரானி ஸ்மித்துக்கு 2 இனிப்பு ஆப்பிள் என்று கலந்து போடுவதே நல்லது.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு அந்த இரண்டும் கோல்டன் டெலிசியஸாக இருந்தால் மிகப் பொருத்தம். மேற்கு வர்ஜீனியாவின் கிளே மாவட்டத்தில் ஒரு மலைப் பண்ணையில் தானாக முளைத்த மரம் அது. 1914-ல் ஸ்டார்க் பிரதர்ஸ் நாற்றுப்பண்ணை வாங்கிப் பரப்பியது. மஞ்சள் தோல், தேன் வாசம், மென்மையான சதை. சட்டியில் வில்லை வில்லையாகவே நிற்கும். ஹனிகிரிஸ்ப், பிங்க் லேடி இரண்டும் நன்றாக வரும், விலைதான் அதிகம். அப்பலாச்சிய மலைப் பக்கத்தில் கோடையின் தொடக்கத்தில் பழுக்கும் யெல்லோ டிரான்ஸ்பரண்ட் போன்ற இளம் ஆப்பிளைத் தோலோடு வதக்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. அது பாதி கூழாகத்தான் வரும், அவர்களுக்கு அப்படி வந்தால்தான் பிடிக்கும். ஆகவே கூழானால் தோல்வி என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. இந்த வழிகாட்டி வில்லையாக நிற்க வேண்டும் என்பவர்களுக்கு.

சென்னை, மதுரை, கோவைப் பழக்கடைகளில் கிரானி ஸ்மித் 'பச்சை ஆப்பிள்' என்ற பெயரில் கிடைக்கும். கூட்டாளியாக காலா அல்லது ஃபியூஜி வாங்கலாம். ஃபியூஜி நன்றாக நிற்கும், புளிப்பு குறைவு என்பதால் எலுமிச்சையை ஒரு டீஸ்பூன் கூட்ட வேண்டும். சிம்லா ஆப்பிள் என்று விற்கும் சிவப்புப் பழம் பெரும்பாலும் டெலிசியஸ் வகை. அமெரிக்காவிலிருந்து வந்து இமாச்சலத்தில் குடியேறிய சாமுவேல் ஸ்டோக்ஸ், 1916-ல் கோட்கட் மலையில் ரெட் டெலிசியஸ் கன்றுகளை நட்டதில் தொடங்கிய பரம்பரை அது. பச்சையாகக் கடிக்க அருமையான பழம். சட்டிக்கு ஆகாது. புளிப்பில்லாமல் சப்பென்று போகும், தோல் தடித்து வாயில் தனியே நிற்கும், சதை மாவாக உதிரும். அது மட்டும்தான் கிடைக்கிறது என்றால் தோலைச் சீவி, வில்லையைக் கனமாக நறுக்கி, மூடி போடாமல் செய்யுங்கள்.

எந்த வகையானாலும் நாள்பட்ட பழம் வேண்டாம். கையில் எடுத்துக் காம்புக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் உள்ளே மாவுத்தன்மை வந்துவிட்டது. பளபளக்கும் இறக்குமதிப் பழத்தில் மெழுகுப் பூச்சு இருக்கும். தோலோடு செய்வதானால் வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள்.

பட்டை

அமெரிக்கக் கடைகளில் சின்னமன் என்று விற்பதில் பெரும்பகுதி இந்தோனேசியா, வியட்நாம் பக்கத்துக் காசியா பட்டை. காரமும் வாசமும் தூக்கலாக இருக்கும், தெற்கத்தியர்களுக்குப் பழகிய ருசியும் அதுதான். நம் மளிகைக் கடையில் தடித்த மரப்பட்டை போல, ஒரே சுருளாக, கையால் உடைக்க முடியாதபடி கிடைப்பதும் அந்த வகையே. இலங்கையின் கறுவா வேறு. தாள்களை அடுக்கிச் சுருட்டியது போல மெல்லிய பல அடுக்குகள் இருக்கும், விரலால் நொறுக்கலாம். இங்கே சுருள்பட்டை என்று கேட்டால் தருவார்கள். அதன் வாசம் மென்மையானது, எலுமிச்சைப் பூ போல ஒரு மெல்லிய மணம் அடியில் ஓடும். காசியா என்றால் 1 டீஸ்பூன் போதும், கறுவா என்றால் ஒன்றரை. காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம், அளவு மீறினால் கல்லீரலுக்கு நல்லதல்ல. கறுவாவில் அது மிகச் சொற்பம். வாரம் ஒருமுறை செய்பவர்கள் கவலைப்பட வேண்டாம். தினமும் பட்டைத்தூள் சேர்ப்பவர்கள் கறுவாவுக்கு மாறுவது நல்லது.

வீட்டில் அரைப்பதானால் மிக்ஸியில் அடித்த பின் மெல்லிய சல்லடையில் சலிக்காமல் போடவே கூடாது. பட்டையின் திப்பி வேகாது, கரையாது. மெத்தென்ற ஆப்பிளைக் கடிக்கும்போது நாக்கில் மணல் போல உறுத்தும்.

சட்டி

28 முதல் 30 செ.மீ. அகலமுள்ள, கனமான அடிப்பாகம் கொண்ட சட்டி. வார்ப்பிரும்புச் சட்டி இருந்தால் வேறெதுவும் தேட வேண்டாம். குளிர்ந்த ஆப்பிள் மொத்தமாக விழும்போதும் சூடு இறங்காமல் தாங்கும். மெல்லிய அலுமினியச் சட்டியில் சூடு சட்டென்று இறங்கும், அப்போது வதங்குவதற்கு முன்பே சாறு கசியத் தொடங்கிவிடும். கனமான ஸ்டீல் சட்டியும் சரிதான். நான்ஸ்டிக் ஒட்டாது, ஆனால் நிறம் குறைவாகத்தான் ஏறும்.

இரும்பில் செய்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. தோசைக்கல்லைப் போலவே அது நன்றாகப் பழகியிருக்க வேண்டும். புதுச் சட்டியில் ஆப்பிளின் புளிப்பு இரும்பைத் தொட்டுப் பாகு கறுக்கும், துருவாடை வரும். பழகிய சட்டியானாலும் சமைத்து முடித்த உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். அடுத்தது வாசம். வெங்காயமும் பெருங்காயமும் தாளித்துப் பழகிய சட்டியென்றால் வெண்ணெயும் ஆப்பிளும் அந்த வாசத்தை அப்படியே இழுத்துக்கொள்ளும். கல் உப்பைப் போட்டுச் சூடாக்கி, துணியால் அழுத்தித் தேய்த்துக் கொட்டினால் பெரும்பகுதி போகும்.

தேவையானவை (4 பேருக்கு)

ஆப்பிள் – 900 கிராம், நடுத்தர அளவில் 5
உப்பில்லாத வெண்ணெய் – 45 கிராம்
பிரவுன் சுகர் – 70 கிராம் (அழுத்தி நிரப்பிய கால் கப்புக்குச் சற்று மேல்)
பட்டைத்தூள் – 1 டீஸ்பூன்
ஜாதிக்காய், புதிதாகத் துருவியது – 2 சிட்டிகை
உப்பு – கால் டீஸ்பூன்
எலுமிச்சைச் சாறு – 2 டீஸ்பூன்
தண்ணீர் – 2 டேபிள்ஸ்பூன், தேவைப்பட்டால் மட்டும்
கார்ன்ஃப்ளார் – 1 டீஸ்பூன், அதுவும் தேவைப்பட்டால் மட்டும்

டீஸ்பூன் 5 மி.லி., டேபிள்ஸ்பூன் 15 மி.லி., கப் 240 மி.லி.

கார்ன்ஃப்ளார் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்ப் பொட்டலத்தில் கார்ன்ஃப்ளார் என்று எழுதியிருக்கும் வெள்ளை மாவுதான் அமெரிக்காவில் கார்ன்ஸ்டார்ச். அங்கே கார்ன் ஃப்ளோர் என்று கேட்டால் மக்காச்சோளத்தை முழுதாக அரைத்த மஞ்சள் மாவைக் கொடுப்பார்கள், பாகு கொழகொழத்துப் போகும்.

பிரவுன் சுகர் என்பது மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுத்த கரும்புப் பாகு) கலந்த ஈரமான சர்க்கரை. அது இல்லையென்றால் நாட்டுச் சர்க்கரை போடலாம். 60 கிராமுக்கு மேல் வேண்டாம், அதன் வாசம் பட்டையை அமுக்கிவிடும். நாட்டுச் சர்க்கரையில் இயல்பாகவே கொஞ்சம் உப்புச் சுவை இருக்கும் என்பதால் உப்பைப் பாதியாக்குங்கள். உப்பிட்ட வெண்ணெய் போடுவதானால் தனி உப்பே வேண்டாம். நெய்யில் செய்யலாம், 35 கிராம் போதும், ஆனால் ருசி அல்வாப் பக்கம் போகும். தெற்கின் பழைய வீடுகளில் பேக்கன் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி) வறுத்த சட்டியில் மிஞ்சும் கொழுப்பிலேயே இதைச் செய்வார்கள். அந்த முறை வேண்டுமென்றால் அந்தக் கொழுப்பு 2 டேபிள்ஸ்பூன், கடைசியில் சேர்க்க மட்டும் வெண்ணெய் 10 கிராம், உப்பு வேண்டாம்.

நறுக்குவது

தோல் சீவுவது உங்கள் விருப்பம். தோல் இருந்தால் வில்லை பிளக்காமல் நிற்கும், ஆனால் பாகு வற்றும்போது அது சுருண்டு தனியே கழன்றுவரும். பாதி ஆப்பிளைத் தோலோடும் பாதியைச் சீவியும் போடுவது நல்ல சமரசம்.

ஆப்பிளை நான்காக வகுந்து, விதைப் பகுதியைச் சாய்வாக ஒரே வெட்டில் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கால் துண்டையும் நீளவாக்கில் 4 வில்லைகளாக்குங்கள். ஒரு ஆப்பிளுக்கு 16 வில்லை, வெளி விளிம்பு ஒன்றேகால் செ.மீ. கனம் இருக்கும். இதைவிட மெல்லியதாக நறுக்கினால் நிறம் ஏறுவதற்குள் குழையும். இதைவிடத் தடித்தால் வெளியே வெந்து உள்ளே நறுக்கென்று நிற்கும். கனம் எவ்வளவு என்பதைவிட எல்லாம் ஒரே கனமாக இருக்கிறதா என்பதில் கவனம் வையுங்கள்.

நறுக்கிய ஆப்பிள் கறுக்குமே என்று உப்புத் தண்ணீரிலோ எலுமிச்சைத் தண்ணீரிலோ போடாதீர்கள். இங்கே எப்படியும் பழுப்பு நிறம்தான் வரப்போகிறது. ஈரத்தோடு சட்டியில் விழுந்த வில்லை முதல் மூன்று நிமிடமும் தன் மேலிருக்கும் தண்ணீரை விரட்டுவதிலேயே கழிக்கும்.

நறுக்குவதற்கு முன்பே பிரவுன் சுகர், பட்டைத்தூள், ஜாதிக்காய், உப்பு நான்கையும் ஒரு கிண்ணத்தில் கட்டியில்லாமல் கலந்து பக்கத்தில் வைத்துவிடுங்கள். பட்டைத்தூளைத் தனியாக ஈரத்தில் தூவினால் வழவழவென்று திரண்டு கட்டி கட்டியாக நிற்கும். சர்க்கரையோடு கலந்திருந்தால் துகள்கள் பிரிந்து பாகில் சமமாகப் பரவும்.

முதல் கட்டம்: வதக்கல்

சட்டியை மிதமான தீயில் 2 நிமிடம் காயவிட்டு, வெண்ணெயில் 35 கிராம் போடுங்கள். வெண்ணெயிலும் ஆறில் ஒரு பங்கு தண்ணீர்தான். அது ஆவியாகும்வரை நுரை பொங்கிச் சலசலக்கும். நுரை அடங்கி, சத்தம் தணிந்து, முந்திரி வறுபடும் வாசம் லேசாக எழும் நொடி ஒன்று வரும். அப்போது வில்லைகளைப் போட வேண்டும். அதற்கு முன்னால் போட்டால் ஆப்பிள் அவியும். தாமதித்தால் அடியில் படிந்த பால் துகள்கள் கருகிக் கசக்கும். நெய்யில் நுரை வராது, ஒரு வில்லையின் நுனியைத் தொட்டுச் சத்தம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வில்லைகளைப் பரப்புங்கள். 30 செ.மீ. சட்டியில் 900 கிராம் ஏறத்தாழ ஒன்றரை அடுக்காக நிற்கும், அதுதான் எல்லை. சிறிய சட்டியென்றால் இரண்டு தடவையாக வதக்கி, சர்க்கரை போடும்போது ஒன்றாகச் சேருங்கள். குவித்துப் போட்டால் அடியில் இருப்பவை விடும் ஆவி மேலே போக வழியில்லாமல் எல்லாமே அவிந்துபோகும்.

பரப்பியபின் 3 நிமிடம் கரண்டியைத் தொடாதீர்கள். கிளறிக்கொண்டே இருப்பதுதான் இந்தப் பதார்த்தத்துக்குச் செய்யும் பெரிய கெடுதல். ஒவ்வொரு கிளறலும் அடிப்பக்கம் சூடேறுவதைத் தடுக்கிறது, வில்லையின் ஓரத்தையும் உடைக்கிறது.

இந்த மூன்று நிமிடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். முதலில் சடசடவென்று வெடிப்பான சத்தம் வரும், வெட்டுமுகத்து ஈரம் போகிறது. ஒன்றரை நிமிடத்தில் அது சீரான, தாழ்ந்த சுர்ர்ர் என்ற ஒலியாக மாறும், நிறம் ஏறத் தொடங்கிவிட்டது. திரும்பவும் குமிழ் வெடிக்கும் தளதளச் சத்தம் கேட்டால் சாறு கசிந்து கொதிக்கிறது என்று பொருள், தீயை ஒரு படி கூட்டுங்கள். ஒரு வில்லையைப் புரட்டிப் பாருங்கள். வெளிறிய மஞ்சளிலிருந்து தோசையின் பொன்முறுகல் நிறத்துக்கு வந்திருக்க வேண்டும், விளிம்பில் கண்ணாடி போல ஒரு கோடு உள்ளே பார்க்கத் தெரியும்.

தட்டையான கரண்டியை அடியோடு செலுத்தி, பகுதி பகுதியாகப் புரட்டிவிடுங்கள். இன்னும் 3 நிமிடம். எல்லா வில்லையும் இரண்டு பக்கமும் சிவக்க வேண்டும் என்பதில்லை. பாதிக்குப் பாதி நிறம் ஏறியிருந்தால் போதும்.

இரண்டாம் கட்டம்: சர்க்கரை

பாயசம் வைப்பவர்களுக்கு 'வெல்லம் போட்டால் அப்புறம் வேகாது' என்று தெரியும். அதே விதி இங்கேயும் உண்டு. சர்க்கரை சேர்ந்த பிறகு ஆப்பிள் மிருதுவாவது மெதுவாகிவிடும். அதோடு சர்க்கரை விழுந்த நிமிடத்திலிருந்து வில்லைகளின் சாற்றை வெளியே இழுக்கத் தொடங்கும், சட்டியில் தண்ணீர் தேங்கினால் அதன்பின் நிறம் ஏறாது. ஆரம்பத்திலேயே வெண்ணெய், ஆப்பிள், சர்க்கரை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டும் செய்முறைகளில் வில்லைகள் வெளுத்து மிதப்பதற்குக் காரணம் இதுதான். வதக்கல் முடிந்த பிறகே சர்க்கரை.

தீயைக் குறைத்து, கலந்து வைத்த சர்க்கரையை மேலே பரவலாகத் தூவி, இரண்டே புரட்டல். 30 நொடியில் சாறு கசிந்து சர்க்கரை கரையும். பழம் வறண்ட வகையாக இருந்து அடி காய்ந்தே தெரிந்தால் மட்டும் அந்த 2 டேபிள்ஸ்பூன் தண்ணீரை ஓரமாக விடுங்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் தண்ணீருக்குப் பதில் ஆப்பிள் சைடர் விடலாம். அங்கே சைடர் என்பது வடிகட்டாத புது ஆப்பிள் சாறு, மது அல்ல.

இப்போது மூடி போட்டு 4 நிமிடம். மூடிக்குள் ஆவி சுழன்று வில்லையின் நடுப்பகுதியை வேக வைக்கும். நான்காம் நிமிடம் மூடியைத் திறந்து, தடித்த வில்லை ஒன்றைக் கத்தி நுனியால் குத்துங்கள். லேசான தடையோடு இறங்க வேண்டும், முழுதாக வெந்த உருளைக்கிழங்கு போல வழுக்கிக்கொண்டு இறங்கக் கூடாது. கெட்டியாக இருந்தால் இன்னும் 2 நிமிடம் மூடலாம். காலா, கோல்டன் டெலிசியஸ் அதிகம் கலந்திருந்தால் 3 நிமிடத்திலேயே பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் கட்டம்: சுண்டல்

மூடியை எடுத்து, தீயை மிதத்துக்குக் கொண்டுவந்து, 2 முதல் 4 நிமிடம் பாகைச் சுண்டவிடுங்கள். கரண்டியால் கிளறாமல் சட்டியின் பிடியைப் பிடித்துக் குலுக்குவது நல்லது. கரண்டி முனையால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுங்கள். கோடு 2 நொடி நின்று பிறகு மூடினால் பதம் வந்துவிட்டது. ஆறும்போது பாகு இன்னும் இறுகும் என்பதால், சட்டியில் 'கொஞ்சம் தளர்வாக இருக்கிறதே' என்று தோன்றும் இடத்தில் நிறுத்துவதே சரி. இரும்புச் சட்டியும் மின் அடுப்பின் சுருளும் அணைத்த பிறகும் சூட்டை விடாது. அங்கே இன்னும் அரை நிமிடம் முன்னதாக இறக்குங்கள்.

4 நிமிடம் சுண்டியும் தண்ணியாகவே இருந்தால் கார்ன்ஃப்ளாரை 1 டேபிள்ஸ்பூன் குளிர்ந்த நீரில் கரைத்து விட்டு, ஒரு கொதி வரும்வரை வைத்தால் போதும். கொதி வராமல் இறக்கினால் பச்சை மாவு வாசம் நிற்கும். நல்ல ஆப்பிளும் அகலமான சட்டியும் இருந்தால் இந்தத் தேவையே வராது. மாவு சேர்த்த பாகைவிடச் சேர்க்காத பாகு தெளிவாகப் பளபளக்கும், ருசியும் கூர்மையாக இருக்கும்.

அடுப்பை அணைத்து, மீதி 10 கிராம் வெண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்துச் சட்டியைக் குலுக்குங்கள். எலுமிச்சையைக் கடைசியில் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. புளிப்பு, பழத்தைக் கட்டிப்பிடித்து நிறுத்தும் பெக்டின் கரைவதைத் தாமதப்படுத்தும். கெட்டியான வகைக்கு முன்னாலேயே விட்டால் வேக நேரம் கூடும். இதையே சாதகமாகவும் பயன்படுத்தலாம்: பழம் மென்மையான வகையென்றால் பாதிச் சாற்றைச் சர்க்கரையோடு சேர்த்துவிடுங்கள், குழைவது தள்ளிப்போகும்.

கெட்டுப்போனால்

கூழாகிவிட்டால் வில்லையாக மீட்க வழியில்லை. அதை மசித்து, இன்னும் 5 நிமிடம் சுண்டவிட்டு ரொட்டிக்குத் தடவிக்கொள்ளலாம். அடுத்த முறை பார்க்க வேண்டியது மூடி போட்ட நேரத்தையும் பழத்தின் வயதையும்.

பாகின் மேல் வெண்ணெய் தனியாகப் பிரிந்து எண்ணெயாக மிதக்கிறதா? தண்ணீர் அளவுக்கு மீறி வற்றிவிட்டது. பலரும் வெண்ணெய் அதிகமாகிவிட்டது என்று நினைத்து எடுத்துக் கொட்டுவார்கள். வேண்டாம். ஒரு டேபிள்ஸ்பூன் சுடுதண்ணீர் விட்டுக் குலுக்கினால் திரும்ப ஒன்றாகிப் பளபளக்கும், போதாவிட்டால் இன்னொரு ஸ்பூன்.

கசப்பு வந்தால் இரண்டு இடத்தில் தேட வேண்டும். பட்டைத்தூள் ஈரமில்லாத சூட்டு வெண்ணெயில் நேராக விழுந்து கருகியிருக்கும், அல்லது வெண்ணெயே முதல் கட்டத்தில் கருகியிருக்கும். எவ்வளவு சர்க்கரை போட்டாலும் இந்தக் கசப்பு மறையாது. இரண்டு தடவையாக வதக்குபவர்கள் இடையில் சட்டியை ஒரு காகிதத்தால் துடைத்து, புது வெண்ணெயில் தொடங்க வேண்டும்.

திகட்டினால் எலுமிச்சை அரை டீஸ்பூன், அதற்கும் அடங்காவிட்டால் ஒரு சிட்டிகை உப்பு.

மாற்றிச் செய்ய

கென்டக்கி, டென்னசிப் பக்கத்தில் சோளத்தண்டின் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் சோர்கம் பாகு பிரசித்தம். நம் சோளத்தின் இனிப்புத் தண்டு வகைதான் அது. கிடைத்தால் பிரவுன் சுகருக்குப் பதில் 4 டேபிள்ஸ்பூன் விடலாம். திரவமாக இருப்பதால் தண்ணீர் வேண்டாம், சுண்ட ஒரு நிமிடம் கூடுதலாகும். பட்டைத்தூளை அந்தப் பாகிலேயே குழைத்துவிடுங்கள். வெனிலா சேர்ப்பவர்கள் அரை டீஸ்பூன், அடுப்பை அணைத்த பிறகு. கிராம்பு ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் பட்டை காணாமல் போய்விடும். விருந்துக்கு அளவை இரட்டிப்பாக்குவதென்றால் ஆழமான பாத்திரம் வேண்டாம், இரண்டு சட்டியில் செய்யுங்கள். ஸ்லோ குக்கரில் மணிக்கணக்கில் வைக்கும் முறையும் பரவலாக உண்டு. அதில் வதங்கிய நிறமும் ருசியும் கிடைக்காது, கிடைப்பது சாறோடு அவிந்த ஆப்பிள். பிரஷர் குக்கர் இதற்கு எந்த நிலையிலும் ஆகாது.

பரிமாறவும் வைக்கவும்

இறக்கி 5 நிமிடம் ஆறவிட்டால் பாகு வில்லைகளில் ஒட்டிக்கொள்ளும். சூடான பிஸ்கட்டை இரண்டாகப் பிளந்து நடுவில் வைத்துச் சாப்பிடுவதுதான் தெற்கத்திப் பழக்கம். பேன்கேக், ஓட்ஸ் கஞ்சி, வெனிலா ஐஸ்கிரீம் எதனோடும் சேரும். ஐஸ்கிரீமுக்கு என்றால் பாகைக் கொஞ்சம் தளர்வாகவே நிறுத்துங்கள், குளிர்ச்சி பட்டால் இழுவையாகிவிடும்.

மிஞ்சியதை முழுதாக ஆறியபின் கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தில் மூடி, குளிர்சாதனப் பெட்டியில் 3 நாள் வைக்கலாம். வெண்ணெய் மேலே வெள்ளையாக உறைந்திருக்கும், கெட்டுப்போனதல்ல. சூடாக்கும்போது சட்டியில் ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீரைக் காயவிட்டு, ஆப்பிளைச் சேர்த்து, மிதமான தீயில் 2 நிமிடம் குலுக்கினால் போதும். மைக்ரோவேவ் என்றால் 30 நொடி, ஒருமுறை புரட்டி இன்னும் 20 நொடி. ஃப்ரீசரில் வைத்தால் வில்லைக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து சதையைக் கிழித்துவிடும், உருகும்போது அது மறுபடி பாகிலேயே வடியும். கேக்குக்கோ பைக்கோ நடுவில் வைக்க மட்டும் அப்படிச் சேமியுங்கள், பயன்படுத்தும் முன் வடிந்த பாகைத் தனியாகச் சுண்டவைத்துத் திரும்பக் கலந்துகொள்ளுங்கள்.